சரளை ரோட்டைத் தேடி இங்கிலாந்துக்கு

பிற்பகல் சரியாக இரண்டு நாற்பதுக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அந்தத் தேசத்தில் இருந்த நாள் முழுவதும் நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்கை அழகை என் மகள் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு ஒருவர் பார்த்தால் போதும்.

இரண்டு நாற்பதுக்கு ஒரு பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் வலது பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். நான் செய்தது அவ்வளவுதான். இதை எழுதும்போது அருப்புக்கோட்டையில் என் வீட்டு மேசை முன்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் பேனா பிடித்த விரல்கள் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. கையெழுத்துக்காகப் பத்திரிகை ஆசிரியர் குழு பொறுத்தருள வேண்டும்.

எஸ்தர் என் ஒரே மகள். பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. பெரியவர்கள் கல்யாண வீட்டில் லட்டைத் தள்ளிவைத்துப் பெருமையாகப் பேசிக்கொள்ளும் சர்க்கரை அல்ல. தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்புறம் மயக்கம். அந்த நேரத்தில் வாயில் இனிப்பைப் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து நம்மோடு சண்டை போடுவாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று மதுரை டாக்டர் சொன்னார். அதை எழுதப்போவதில்லை.

அப்படிப்பட்டவள் மண் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று இங்கிலாந்துக்குப் போனாள். கரிசல் காட்டில் பிறந்தவளுக்குப் பார்க்க மண் கிடைக்கவில்லை பாருங்கள். அங்கே போய் மூன்றாம் மாதம் விடுதிச் சமையலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். அந்தச் செய்தி எங்களுக்குக் கடிதத்தின் கடைசி வரியில், தக்காளி விலைக்கும் கீழே வந்தது. அன்றைக்கே குடும்பம் கூடி முடிவெடுத்தது: நான் போவது, அவளைக் கூட்டிக்கொண்டு வருவது. பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கருப்பட்டியும் காராச்சேவும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

எஸ்தர் விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

“மூணு நாள் என் கூட வாம்மா. நான் எப்படி இருக்கேன், எப்படிச் சமாளிக்கிறேன்னு நீயே பாரு. அப்புறமும் கூட்டிட்டுத்தான் போவேன்னா, மறுபேச்சுப் பேசாம வாரேன்.”

“எங்க கூப்பிடுற?”

“சைக்கிள்ல. சரளை ரோட்டுல.”

நான் பன்னிரண்டு வருடமாகப் பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டிக்கடையில் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மூன்று மைல் சரளையிலும் வண்டிப் பாதையிலும் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறவள். அந்தச் சரளைக்குத் தார் போடச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதன் மேலேயே ஒரு ரோடு போடலாம். இங்கிலாந்தில் எல்லா இடத்துக்கும் தார் ரோடு இருக்கிறது. ஆகவே அந்த ஜனங்கள் விடுமுறை நாளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சரளையைத் தேடி அலைகிறார்கள். அதற்கென்று தடித்த டயர், அதற்கென்று கையுறை, அதற்கென்று வரைபடம்.

முதல் நாள் ரயிலில் போனோம். சைக்கிளுக்கு ரயிலில் தனிப் பெட்டி. நாங்கள் நின்ற நடைமேடையில் வராமல் அந்த ரயில் எதிர் நடைமேடையில் வந்தது. அறிவிப்பு எனக்குப் புரியவில்லை. எஸ்தருக்குப் புரிந்தபோது ஒரு நிமிடம்தான் பாக்கி. இரண்டு சைக்கிள்களைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கினோம். மூச்சிரைக்க வந்து நின்ற எங்களைப் பார்த்து ரயில்காரர், “அவசரமே இல்லை அம்மணி” என்று சொல்லிக்கொண்டே விசில் ஊதினார்.

சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த தென்பகுதி அது. சேலை சங்கிலியில் மாட்டும் என்பதால் மகளுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். இதை அருப்புக்கோட்டையில் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. பத்திரிகையில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

வெள்ளைச் சரளை, இரண்டு பக்கமும் ஆள் உயரப் பச்சை வேலி, வேலிக்கு அப்பால் முதுகில் நீலச் சாயம் பூசிய செம்மறிகள். மேய்க்க ஒரு ஆள் கிடையாது. நரிக்குடிப் பக்கம் இப்படி விட்டால் சாயங்காலத்துக்குள் சாயம் மட்டும்தான் மிஞ்சும். எதிரே ஒரு வயதான தம்பதி தலைக்கவசத்தோடு மிதித்து வந்தார்கள். கணவர் எங்களைப் பார்த்து, “அருமையான சரளை, இல்லையா?” என்றார். பன்னிரண்டு வருடத்தில் பரளச்சியில் யாரும் சரளையைப் பாராட்டி நான் கேட்டதில்லை. “ஆமாம் ஐயா, எங்கள் ஊரில் இதைவிடப் பிரமாதம்” என்றேன். “அப்படியா! ஒருநாள் வர வேண்டும்” என்றார். மனிதர் உண்மையாகவே சொன்னார், பாவம்.

அன்று மாலை தொலைபேசிக் கூண்டிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். என் கணவர் எடுத்தார்.

“என்ன சொல்றா? வாராளா?”

“மூணு நாள் பாருன்னு சொல்லிருக்கா. சைக்கிள்ல போய்க்கிட்டிருக்கோம்.”

“ரோடு எப்படி இருக்கு?”

“சரளை.”

“அதுக்கா பிளைட்டு ஏறிப் போன?” என்றார்.

இரவு தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு எல்லாமே அழகு. மழை வந்தால் அழகான மழை, நின்றால் அழகான வானம். என் பெயரைச் சொன்னேன், அழகான பெயர் என்றார்; உச்சரிக்க மட்டும் வரவில்லை. காலையில் ஒரு தட்டு வைத்தார். அதில் முட்டை, காளான், கூடவே சீனி சேர்த்த தக்காளிச் சாற்றில் ஊறின மொச்சை. மொச்சைக்கு இப்படி ஒரு கதி வரும் என்று எந்தப் பரமக்குடி வியாபாரியும் நினைத்திருக்கமாட்டான். எஸ்தர் ஊசி போட்டுக்கொண்டு அதை நிதானமாகச் சாப்பிட்டாள். ரொட்டியை எண்ணிச் சாப்பிட்டாள். நேரத்தை ஒரு சின்ன நோட்டில் குறித்தாள். நான் பார்க்க வேண்டும் என்றே குறித்தாள்.

பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். அவள் இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டியிருந்தாள். அதில் குளுக்கோஸ் வில்லைகள், பிஸ்கட்டு, ஒரு துண்டு மிட்டாய்.

“இத இப்படித் தொங்கவிட்டா எங்கயாச்சும் அறுந்து விழுந்துரும். நான் வச்சுக்கிறேன்” என்றேன்.

“அம்மா, அது எப்பவும் என் இடுப்புல இருக்கணும்.”

“உன் இடுப்ப விட நான் பத்திரமாத்தான் வச்சுக்குவேன்.”

எஸ்தர் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தாள். அந்நியர் முன்னால் காலையிலேயே தாயோடு சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அவிழ்த்துக் கொடுத்தாள். அதிலிருந்த எல்லாவற்றையும் என் தோள்பையில் கருப்பட்டியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு ஒரு கிராமத்தை எட்டுவதாக ஏற்பாடு. எதிர்க்காற்று என்னைப் பிடித்துக்கொண்டதால் இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குத்தான் எட்டினோம். அந்தக் கிராமத்தில் சாப்பாடு கிடைக்கும் ஒரே இடம் மதுக்கடை. எங்கள் சபைப் போதகருக்கு நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: உள்ளே போனேன்.

“மன்னிக்க வேண்டும். சமையலறை இரண்டு மணிக்கு மூடியாயிற்று” என்றார் கடைக்காரர்.

“நான்கு நிமிடம்தானே ஆகிறது? ஒரு துண்டு ரொட்டி போதும்.”

“மிகவும் வருந்துகிறேன். சமையல்காரர் போய்விட்டார்.”

உண்மையாகவே வருந்தினார். முகம் அப்படி வாடிப்போயிற்று. ஆனால் ரொட்டியை வெட்டமாட்டார். எங்கள் ஊரில் நாலு திட்டுத் திட்டிவிட்டுக் கரண்டியைத் தூக்கி அடுப்பில் வைப்பார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது கோபம் ஆறியிருக்கும். இங்கே ஒரு வசவு இல்லை, ஒரு வாய்ச் சோறும் இல்லை. உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்று தந்தார். பாதி காற்று.

எஸ்தர் அதைத் தின்றாள். என் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டு எடுத்துக் கொடுத்தேன்.

“இன்னும் ரெண்டு குடும்மா.”

“வழிக்கு வேணும்ல? நாலு மைல்ல டீக்கடை இருக்குன்னியே.”

“இருக்கு. கேக்கு கிடைக்கும். அங்க போய் ஒழுங்காச் சாப்பிட்டுக்கிறேன்.”

அந்த இரண்டு பிஸ்கட்டை நான் ஏன் கொடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பையில் இரண்டு பாக்கெட் இருந்தது.

கிராமத்துக்கு வெளியே பாதை சரிவாக இறங்கியது. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நத்தை மாதிரி இறங்கினேன். எஸ்தர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “நான் கீழ போய் நிக்கிறேன், மெதுவா வா” என்று பறந்துவிட்டாள். வரைபடம் அவளிடம். பை என்னிடம். கீழே ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அவளைக் காணோம். மணி இரண்டு நாற்பது.

இடது பாதையின் வாயில் முள் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மழை விழுந்து காட்டை விதைத்ததும், அதுவரை எல்லாரும் குறுக்கே நடந்த தடத்தில் நிலத்துக்காரச் சம்சாரி ஒரு முள்ளை வெட்டிக் குறுக்கே போடுவார். பலகை, எழுத்து, சட்டம் ஒன்றும் வேண்டாம். முள் கிடந்தால் அந்த வழி இல்லை. பள்ளிப் பிள்ளை தாண்டாது, வண்டி தாண்டாது, அந்த ஊருக்கே பகைக்காரன்கூடத் தாண்டமாட்டான். பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு முள்ளைத் தாண்டியதில்லை. இங்கேயும் நல்ல கூரான முள், இலை வாடாத பச்சைக் கொப்பு, இப்போதுதான் வெட்டிப் போட்டது. “பரவாயில்லையே, இந்த ஜனங்களுக்கும் முறை தெரிந்திருக்கிறதே” என்று மெச்சிக்கொண்டேன். எஸ்தர் என் வளர்ப்பு. முள்ளைப் பார்த்ததும் வலது பக்கம் திரும்பியிருப்பாள். நானும் திரும்பினேன்.

வலது பாதை இரண்டு மைல் போய் ஒரு தார் ரோட்டில் முட்டியது. கைகாட்டி மரம், புல், காற்று. எஸ்தர் இல்லை. மணி மூன்று ஐந்து. அவளுக்குள் காலையில் போட்ட ஊசி கடமை தவறாமல் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம்.

பத்து நிமிடம் கழித்து ஒரு அம்மாள் நாயோடு வந்தார். எனக்கு ஆங்கிலம் எழுத வரும். பதற்றத்தில் பேச வராது. மகள், நோய், சாப்பிடவில்லை, இனிப்பு என் பையில் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். புரிந்துகொண்டார். வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார்.

“தேநீர்க்கடைக்கு இடது பாதை அல்லவா? ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள்?”

“அது மூடியிருக்கிறது. முள் போட்டிருக்கிறார்கள்.”

“முள்ளா?” கொஞ்சம் யோசித்தார். “ஓ, அது ஒன்றுமில்லை. இந்த வாரம் வேலி கத்தரிக்கிறார்கள். வெட்டினது அப்படியே கிடக்கும்.”

அப்படியே கிடக்குமாம். ஒரு தேசம் உலகத்தையே வேலி போட்டு ஆண்டிருக்கிறது, வெட்டின முள்ளை ஓரமாக அள்ளிப் போடத் தெரியவில்லை.

“இடது பாதையும் சுற்றிக்கொண்டு இதே ரோட்டுக்குத்தான் வரும். நான் வீட்டுக்குப் போய் உதவிக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். நீங்கள் இந்த இடத்தை விட்டு அசையாதீர்கள்” என்று சொல்லிவிட்டு அவர் நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன், நான்கு நிமிடம் அசையவில்லை. அப்புறம் சைக்கிளைத் திருப்பினேன்.

வரும்போது இறக்கமாக இருந்தது போகும்போது ஏற்றம். பாதி தூரம் தள்ளினேன். பிரிவுக்கு வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு முள்ளைத் தாண்டினேன். காற்சட்டை கிழிந்தது, காலும் கிழிந்தது. தாண்டி ஓடினேன். “எஸ்தரு! ஏ எஸ்தரு!” இருநூறு பிள்ளைகளைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிறுத்தும் குரல் என்னுடையது. செம்மறிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வேறு யாரும் பார்க்கவில்லை.

ஓடும்போது ஜெபம் செய்தேன் என்று எழுத ஆசை. ஜெபம் வரவில்லை. கர்த்தரிடம் கணக்குப் பாடம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன்: காலையில் நாலு ரொட்டி, மதியம் பாதிப் பொட்டலம் வறுவல், இரண்டு பிஸ்கட்டு, பதினாறு மைல் சைக்கிள். எப்படிக் கூட்டினாலும் விடை சரியாக வரவில்லை.

மூன்று ஐம்பதுக்கு அவள் சைக்கிளைப் பார்த்தேன். வேலி ஓரம் படுக்கப் போட்டிருந்தது. பின் டயரில் காற்றே இல்லை. முள் ஒன்று பக்கவாட்டில் ஏறியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி மூடி திறந்து கிடந்தது. புல் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. அவள் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஓடையில் இறங்கிப் பார்த்தேன். ஓடை என்றால் முழங்கால் அளவு குழி, அதற்குள் ஒரு ஆள் கிடந்தால் தெரியாமல் போகாது. ஆனாலும் இரண்டு தரம் பார்த்தேன். தூறல் விழத் தொடங்கியது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அமுங்கின புல்லின் பக்கத்தில் நின்றேன். உள்ளே வில்லைகள், பிஸ்கட்டு, மிட்டாய், கருப்பட்டி. ஒன்றுகூடக் குறையாமல் அவ்வளவு பத்திரமாக இருந்தது. நாலு மாதம் இந்தப் பெண் தனியாக இருந்தாள். ஒரு தரம் விழுந்தாள், தானே எழுந்தாள். காப்பாற்ற வந்தவள் இரண்டாம் நாளே அவளிடமிருந்து மருந்தைப் பறித்துக்கொண்டு வேறு பாதையில் போய்விட்டேன்.

நாலே காலுக்கு டிராக்டர் சத்தம் கேட்டது.

வளைவில் வந்தது. பக்கவாட்டில் நீண்ட இரும்புக் கையும் வெட்டுப் பற்களுமாகப் பெரிய வண்டி. வேலி வெட்டுகிற வண்டி. மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் சிவந்த முகத்தோடு ஒருவர். அவர் பக்கத்தில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போர்த்திக்கொண்டு எஸ்தர்.

வண்டி நிற்பதற்குள் ஓடினேன். அவள் இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது, உதட்டோரம் பழப்பாகு ஒட்டியிருந்தது, கண் தெளிவாக இருந்தது. முகத்தைப் பிடித்துப் பார்த்தேன், கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுக்கம் என் கையில்தான்.

“ஒண்ணுமில்லம்மா. சரியாப் போச்சு. எறக்கம் முடியிற எடத்துல உனக்காகத்தான நின்னேன். எங்கம்மா போன நீ?”

அவள் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டேன். அந்த மனிதர்தான் பேசினார். வேலி வெட்டிக்கொண்டு திரும்பும்போது இந்தப் பெண் புல்லில் உட்கார்ந்திருந்ததாம். என்ன ஆயிற்று என்று மூன்று தரம் கேட்டாராம். அவள் ஏதோ ஒரு பாஷையில் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறாள். அவர் தம்பிக்கும் இதே ஊசிதானாம். தம்பி திட்டுவதும் இப்படித்தானாம். அதனால் உடனே புரிந்ததாம். குடுவையிலிருந்த டீயில் தன்னிடமிருந்த சீனியெல்லாம் போட்டுக் குடிக்க வைத்து, பழப்பாகு தடவிய தன் சாப்பாட்டு ரொட்டியையும் கொடுத்திருக்கிறார். தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை “அம்மா.” உடனே வண்டியில் ஏற்றிக்கொண்டு கைகாட்டி மரம் வரை போயிருக்கிறார்கள்.

“அங்கே நாயோடு ஒரு பெண்மணி நின்றார். உங்களை அசையாமல் நிற்கச் சொன்னாராமே?”

“சொன்னார்.”

“அவர் இப்போது உங்களைக் காணோம் என்று வேறு பக்கம் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கணவர் காரை எடுத்துக்கொண்டு மதுக்கடைப் பக்கம் போயிருக்கிறார்.”

எஸ்தர் என் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். நான் தடுக்கவில்லை. திறந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டை எடுத்துப் பிரித்தாள். அவருக்கு இரண்டு கொடுத்தாள், எனக்கு ஒன்று கொடுத்தாள், மீதியைத் தின்னத் தொடங்கினாள். பையின் வாரைச் சுருக்கித் தன் குறுக்கே மாட்டிக்கொண்டாள்.

அந்த மனிதர் என் கிழிந்த காலைப் பார்த்தார், காற்சட்டையைப் பார்த்தார், அழுது வீங்கின முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி எஸ்தரிடம் சொன்னார்: “கோபித்துக்கொள்ளாதே பெண்ணே. ஆனால் உன் அம்மாவைத் தனியாக விடக்கூடாது. இந்தப் பக்கமெல்லாம் இவருக்குச் சரிப்படாது.”

“கவலைப்படாதீர்கள்” என்றாள் எஸ்தர். “அடுத்த வாரம் ஊருக்கு அனுப்பிவிடுவேன்.”